ஐந்தாவது பாடு

1

கடை மூடி எண்பத்தேழு மணி நேரம் ஆகியிருந்தபோது சம்பந்தத்துக்கு நான்காவது முறையாக நண்டுக் குழம்பு வந்தது.

இந்த வாக்கியம்தான் முதலில் கிடைத்தது. பழவேற்காடு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மீன்கூடையோடு ஒரு பெண் கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தார். "கடை தொறந்தா இன்னா, தொறக்காங்காட்டி இன்னா? அவங்களுக்கு நண்டு போய்ச் சேந்துச்சா, அத்தச் சொல்லு!" எந்தக் கடை, யார் அவர்கள், அவர்களுக்கு எதற்கு நண்டு என்று நான் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வரவில்லை. கேட்கலாமா என்று யோசித்ததில் என் பேருந்தும் போய்விட்டது, அதற்கு அடுத்ததும் போய்விட்டது. கேட்க வராதவர்கள் மிச்சத்தைத் தாங்களே இட்டுக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. எண்பத்தேழு மட்டும் கணக்கு. புதன் இரவு பத்து மணிக்குக் கடை மூடியது. ஞாயிறு பகல் ஒரு மணிக்கு நண்டு வந்தது. சந்தேகமிருந்தால் விரல் விட்டுப் பாருங்கள்.

கடை என்று நான் சொல்வது எந்தக் கடை என்று உங்களுக்குத் தெரியும். அரசாங்கம் நடத்துவது. முன்னால் கம்பி வலை, அதில் ஒரு கை மட்டும் நுழைகிற ஓட்டை. பெயரை எழுதவில்லை. எழுதினால் யாராவது வந்து என்னிடம்... (இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.)

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

"ஏரியின் மேல் பூநாரைகள் சிவந்த மேகம்போல இறங்கிய ஒரு மாலையில்..." வேண்டாம். பழவேற்காடு என்றால் உடனே பூநாரை வந்துவிடுகிறது. இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. அது குடிப்பதும் இல்லை, விற்பதும் இல்லை.

"உழைக்கும் மக்களின் கோபம் கொழுந்துவிட்டெரிந்த அந்த வியாழக்கிழமை..." இதில் ஒரு சிக்கல். வியாழக்கிழமை அங்கே எரிந்தது ஒரு கொசுவர்த்திச் சுருள் மட்டும்தான். போராட்டப் பந்தலில் இருந்தவர்கள் இரண்டு பேர்.

முதலாமவர் சம்பந்தம். கடையின் விற்பனையாளர். திருப்பாலைவனத்துக்காரர், வேதியியல் பட்டதாரி. அரசாங்கம் கடைகளை நடத்தத் தொடங்கியபோது ஒப்பந்தத்தில் சேர்ந்தார். சீக்கிரம் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்டார். இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். அப்பா இன்னும் தற்காலிகம்.

இரண்டாமவர் ஜெரோம். பழவேற்காட்டிலேயே வீடு. வணிகவியல் படித்துவிட்டு வந்தவனுக்குக் காலி பாட்டில்களைத் திரும்ப வாங்கும் வேலை கிடைத்தது. விற்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். காலியாகித் திரும்பி வரும்போது அந்த ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்குள் காலி பாட்டில்கள் கூரை வரைக்கும் ஏறிவிட்டன. ஜெரோம் உள்ளே போக வேண்டுமென்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும்.

மூன்றாவதாக மேற்பார்வையாளர் கேசவன் இருக்கிறார். இடுப்பு வலியால் பொன்னேரியில் படுத்திருக்கிறார். போராட்டத்தில் அவரும் கலந்துகொண்டார், படுத்தபடியே.

மாநிலம் முழுக்க நடந்த வேலைநிறுத்தம் அது. எங்களை நிரந்தரமாக்கு, காலி பாட்டிலை வேறு ஆளிடம் கொடு என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைகளைத் தனியாருக்கு விடாதே என்றார்கள். விடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. விட்டால் என்ன ஆகும் என்று சம்பந்தத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாற்பத்தேழு வயதில், இவ்வளவு நாள் எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்கிற எந்த முதலாளியிடமும் அவரால் அந்தக் கடையின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்ல முடியாது.

3

வியாழக்கிழமை பகலில் காசியம்மாள் வந்தார், பின்னால் நான்கு பெண்கள். ஏரிக்கரைக் குப்பத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. குரல் தேர்ந்தெடுத்துவிட்டது.

"கடைய மூடிட்டீங்களாமே தம்பி?"

சம்பந்தம் எழுந்து நின்றுவிட்டார். இருபது வருடத்தில் அந்தக் குப்பத்துப் பெண்கள் யாரும் அவரிடம் பேசியதில்லை. எதிரே வந்தால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"ஆமாக்கா. ஸ்டிரைக்கு."

"எம்மா நாளிக்கி?"

"காலவரையற்ற வேலைநிறுத்தம்னு அறிவிச்சிருக்காங்க."

"அப்டினா?"

"முடிவே தெரியாதுக்கா."

காசியம்மாள் மற்ற நால்வரையும் திரும்பிப் பார்த்தார். ஐந்து முகத்திலும் பொங்கல் வந்தது.

"அப்ப நீங்க பட்னி கெடக்கக் கூடாது. தெம்பா ஒக்காந்துக்கினு இருக்கணும். இன்னாடா ஜெரோமு, நண்டு துன்னுவியா?"

"நான் துன்னுவேன். அண்ணனாண்ட கேளு."

"ஆளுக்கு ஒரு நாளு சோறாக்கி எடுத்தாரோம் தம்பி. பாடு போட்டுக்குறோம். சரியா?"

"சரிக்கா" என்றார் சம்பந்தம்.

இந்தக் கதையில் நடந்த ஒரே தவறு இதுதான். நண்டு மோகத்தில் சொன்னதல்ல. நெல் விளைகிற ஊரிலிருந்து வந்தவர் என்பதால் சொன்னது.

ஏரியில் மீன் படுகிற இடங்கள் எல்லோருக்கும் பொது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வலை போட்டால் ஒருவர் வலை இன்னொருவர் வலையைத்தான் பிடிக்கும். அதனால் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு, நாளை என் பாடு. புயல் வந்தால் பாடு ஒரு நாள் தள்ளிப் போகும், நின்றுபோகாது. கடைசிப் பெயர்க்காரரும் வலை போட்டு எடுத்த பிறகுதான் ஒரு சுற்று முடிந்ததாகக் கணக்கு. நடுவில் நிறுத்தினால், பெயர் வராமல் நிற்பவரைப் பார்த்து "நீ எங்கள் ஆள் இல்லை" என்று சொன்ன மாதிரி. அப்படி நிறுத்தியவர் வீட்டில் பிறகு யாரும் பெண் எடுக்க மாட்டார்கள்.

சம்பந்தம் இதை ஷிப்டு மாதிரி நினைத்துக்கொண்டார்.

ஜெரோமிடம் மிச்சமிருந்த பாட்டில் ஸ்டிக்கர்களின் மேலேயே ஐந்து பெயர்களை எழுதி, ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டில் காசியம்மாளின் பெயர் வந்தது. (குலுக்கியதும் அவர்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.) ஐந்தாவதாக, கடைசியில், எல்லம்மாவின் பெயர் வந்தது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். எல்லம்மாவுக்குத் திங்கள்.

4

இப்போது உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். குரலைத் தாழ்த்திப் படியுங்கள்.

வேலைநிறுத்தம் வியாழக்கிழமை இரவே முடிந்துவிட்டது.

சென்னையில் பேச்சுவார்த்தை நடந்தது. கோரிக்கைகளைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பரிசீலிப்பதாகச் சொன்னதையே வெற்றி என்று அறிவித்து, நாளை முதல் பணிக்குத் திரும்பும்படி சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்கள். திருப்பாலைவனத்தில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி சம்பந்தம் அதைப் படித்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடைச் சாவியோடுதான் வந்தார். பந்தலில், பாடு வரிசையில் இரண்டாவதான மஞ்சு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். "ண்ணா, காசியக்கா வெச்சது நண்டா? நேத்து அது உப்பு. இன்னிக்கி நான் வெக்கறதப் பாரு" என்றாள். பிறகு பக்கத்தில் குனிந்து, பாடு என்றால் நடுவில் நிறுத்தக் கூடாது என்பதை அவருக்கு விளக்கினாள். "தோ எல்லம்மாக்கா வரைக்கும் வரணும். அது வரைக்கும் நீங்க எழுந்திரிக்கக் கூடாது, ஆமா."

சம்பந்தம் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. இவர் நல்லவரா, கோழையா, சாப்பாட்டுராமனா? மூன்று சம்பந்தங்களை எழுதினேன். நல்லவர் பேசிய வசனம் எனக்கே தாங்கவில்லை. கோழை கதைக்குள்ளேயே வரமாட்டேன் என்றார். சாப்பாட்டுராமன் மட்டும் ஒழுங்காக உட்கார்ந்து நண்டை உடைத்தார். கடைசியில் மூவரையும் கலந்துவிட்டேன். விகிதம் சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

கேசவன் பொன்னேரியிலிருந்து கூப்பிட்டார். "ஏன்யா தொறக்கல?"

"ஷட்டர் மாட்டிக்கிச்சி சார். உப்புக் காத்து. துரு."

"நான் அப்பவே எண்ணெ வுடுனு சொன்னேன்" என்றார் கேசவன். அவர் சொன்னதில்லை. ஆனாலும் இடுப்பு வலிக்காரருக்கு எழுந்து வந்து பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் சம்பந்தத்தின் மனைவி மாலா, "ஸ்டிரைக் முடிஞ்சிட்ச்சினு டிவில சொன்னானே?" என்றாள்.

"எங்க கடையில இன்னும் முடியல."

மாலா அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். "அது சரி. சீக்கிரம் முடிக்காத. வரும்போது எனக்கும் கொஞ்சம் ஸ்டிரைக்கு எடுத்துக்கினு வா."

* பிழை ஒன்று: டிவியில் சொன்னதென்றால் குப்பத்துக்கு மட்டும் எப்படித் தெரியாமல் இருக்கும்? அங்கே எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. காற்றில் டவர் சாய்ந்துவிட்டது என்று எழுதிப் பார்த்தேன். நம்பும்படி இல்லை. ஜெரோமும் அதே வாட்ஸ்அப் குழுவில்தான் இருக்கிறான். அடுத்த வரைவில் திருத்த வேண்டும்.

5

ஞாயிற்றுக்கிழமை. நான்காவது நண்டு. நாம் தொடங்கிய இடம்.

பந்தலில் கூட்டம். நண்டு வாசனைக்கு வந்தவர்கள் பாதி, நியாயம் பேச வந்தவர்கள் பாதி. சுப்பராயலு இரண்டுக்கும் வந்தார். அறுபது வயது வலைக்காரர், கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை. பந்தல் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நாலு நாளா நாக்கு காஞ்சி கெடக்குது நைனா. ஒரு சொட்டு இல்ல. இதுக்குத்தான் சொல்றேன், பிரைவேட்டுக்கு வுட்டுடணும். கண்ணாடிக் கதவு இருக்கும். ஏசி இருக்கும். உள்ள போனா 'வாங்க சார்'னுவான். இவன் இருவது வருசமா என் மூஞ்சியப் பாத்து ஒருவாட்டி வான்னு சொல்லிக்கிறானா?"

"கம்பிக்கு அந்தாண்ட மூஞ்சி தெரியாதுப்பா. கையிதான் தெரியும்" என்றார் சம்பந்தம். அது உண்மை. குப்பத்து ஆண்கள் எல்லோரையும் அவருக்குக் கைகளாகத்தான் தெரியும். சுப்பராயலு என்றால் வலைக்கயிறு அறுத்த தழும்பு குறுக்கே ஓடும் ஒரு வலது கை.

"பிரைவேட்டுக்காரன் சாருனு சொல்லி மெனு கார்டு குடுப்பான் மாமா. இன்னா பண்ணுவ?" என்றான் ஜெரோம்.

"அதுல படம் போட்டிருப்பான்டா."

காசியம்மாள் குழம்புக் கரண்டியோடு திரும்பினார். "ஏ மாமா. நம்ம ஏரிய ஒருத்தனுக்கு ஏலத்துல வுட்டா ஒத்துக்குவியா?"

"கைய வெட்டுவேன்."

"அப்ப கடைய மட்டும் வுடலாமா?"

"ஏரியும் கடையும் ஒண்ணா காசி?"

"ஒண்ணுதான். ரெண்டுலயும் நீ முழுகித்தான கெடக்குற."

கூட்டம் சிரித்தது. சுப்பராயலு கோபித்துக்கொள்ளவில்லை. பந்தல் காலில் தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். கவருமெண்டும் வாணாம், பிரைவேட்டும் வாணாம். கடைக்குப் பாடு போட்ருவோம். தெருவுக்கு ஒரு வாரம். எங்க தெரு பாடு வந்தா நாங்க நடத்துறோம். உங்க தெரு பாடு வந்தா நீங்க நடத்துங்க."

ஜெரோம் நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தான். எழுதிக்கொண்டிருந்த நானும் பேனாவை வைத்துவிட்டேன். அரசா தனியாரா என்று இத்தனை வருடம் இரண்டே பெட்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தோம். இது மூன்றாவது பெட்டி. (இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி இரண்டு பக்கம் போனேன். கதை கோபித்துக்கொண்டது. கிழித்துவிட்டேன்.)

"எங்க தெரு பாடு வந்தா நாங்க ஷட்டரயே தூக்க மாட்டோம்" என்றார் காசியம்மாள்.

"அதெப்புடி?"

"பாடு வந்தவங்க வலை போடறதும் போடாததும் அவங்க இஷ்டம். ரூல்ஸ நீயே சொல்லு."

"அத்த நான் யோசிக்கல" என்று சொல்லிவிட்டுச் சுப்பராயலு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததில் பாதி, விழுந்தது.

* பிழை இரண்டு: நான்கு நாளாக ஒரு சொட்டு இல்லையென்றால் சுப்பராயலு எப்படித் தள்ளாடுகிறார்? பொன்னேரிக் கடை வெள்ளிக்கிழமையே திறந்துவிட்டது, ஷேர் ஆட்டோவும் ஓடுகிறது. ஆனால் அங்கே போனவருக்கு வேலைநிறுத்தம் முடிந்தது தெரிந்திருக்குமே! பாத்திரத்தை நான் கவனமாகப் பார்த்துக்கொள்ளவில்லை. தள்ளாட்டத்தை அடுத்த வரைவில் எடுத்துவிட வேண்டும்.

6

ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேர் சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் கைப்பேசியில் கேசவன். "சம்பந்தம், பேஜாராயிடுச்சி. மொதல்ல சில கடைங்கள தனியாருக்கு வுட்டுப் பாக்கப் போறாங்களாம். ஒழுங்கா தொறக்காத கடைங்கதான் முன்னால போவும். மேல இருந்து கேட்டுட்டாங்க. நாளிக்கி பன்னெண்டு மணிக்கி ஷட்டர் மேல போன போட்டோ குரூப்புல வரணும். வரலன்னா நம்ம கடைதான் மொத பலி. நீயும் ஜெரோமும் ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"நீங்க சார்?"

"நான் ஊட்லதான்யா இருக்கேன்."

அவர் வைத்த பிறகு எல்லம்மா வந்தார். ஒல்லியான பெண். பந்தலுக்கு உள்ளே வராமல் வெளியிலேயே நின்றார்.

"ண்ணா, நாளிக்கி என் பாடு."

"தெரியும்மா."

"நாலு நாளா நண்டே துன்னுகினு இருக்கீங்க. நான் எறா வெக்கலாம்னு. புடிக்குமா?"

"புடிக்கும்."

"என்னாண்ட படகு இல்ல ண்ணா. ஏரில எறங்கி கையாலதான் தடவிப் புடிக்கணும். தண்ணி வத்துனாதான் எறங்க முடியும். நாளிக்கி வத்த பன்னெண்டு ஆவும். சோறு வர ஒன்ற ஆயிடும். பசி தாங்குவீங்கல்ல?"

பன்னிரண்டு மணிக்குப் போட்டோ. ஒன்றரைக்கு இறால். எல்லம்மாவைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும் நாளுக்கு ஐம்பது நிமிடம்போலத் தள்ளிப்போகும். அது நிலாவின் வேலை. சுப்பராயலுவை நான் தள்ளாடவைக்கலாம், நிறுத்திவைக்கலாம். நிலாவை ஒன்றும் செய்ய முடியாது.

"நேரமாவட்டும்மா" என்றார் சம்பந்தம்.

எல்லம்மா போகாமல் நின்றார். "மூணு வருசம் ஆச்சி ண்ணா, அவரு போயி. அவரோட என் பேரும் போயிட்ச்சி. ஏரில பாடுன்னா ஆம்பளைங்க பேருதான போடுவாங்க. வியாழக்கெழம காசியக்கா என் பேர எழுதச் சொன்னப்போ எனக்கு இன்னா சொல்றதுனே தெரியல. கடைசியா வந்தா இன்னா, வந்துச்சே."

பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அந்த ஸ்டிக்கர எடுத்துக்கினு போய் செவுத்துல ஒட்டிட்டேன்" என்றார்.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: திங்கள் பன்னிரண்டு மணிக்குச் சம்பந்தம் கடையைத் திறக்கிறார். கூட்டம் முண்டியடிக்கிறது. ஒன்றரைக்கு எல்லம்மா சட்டியோடு வருகிறார். கம்பி வலையின் ஓட்டைக்குள் சட்டி நுழையவில்லை. ஒவ்வொரு இறாலாக உள்ளே நீட்டுகிறார். பின்னால் நிற்பவர்கள் "ஜல்தி ஜல்தி" என்கிறார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் எழுதிவிட்டு எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

இரண்டாம் முடிவு: கடை திறக்கவில்லை. தனியாருக்குப் போகிறது. கண்ணாடிக் கதவு வருகிறது. கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் சுப்பராயலுவைப் பார்த்து "வாங்க சார்" என்கிறார். சுப்பராயலு பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார் என்று பார்க்கிறார். சம்பந்தம் பேருந்து நிறுத்தத்தில் விண்ணப்பங்களோடு... (நிறுத்திவிட்டேன். விண்ணப்பம் வேண்டாம்.)

மூன்றாம் முடிவு: புயல் வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இது மோசடி. எழுதுகிறவருக்கு வழி தெரியாதபோதெல்லாம் வங்காள விரிகுடாவைத் தொந்தரவு செய்யக் கூடாது.

8

ஆகவே திங்கட்கிழமையை அப்படியே எழுதுகிறேன். எங்கே போகிறதோ போகட்டும்.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பு. சம்பந்தம் பூட்டிய ஷட்டர் முன்னால் சாவியோடு நின்றார். பந்தலில் காசியம்மாளும் பெண்களும். எதிர்ப்பக்க வேப்பமர நிழலில் சுப்பராயலுவும் ஆண்களும். எல்லோரும் அவரைப் பார்க்கவில்லை என்பதுபோல அவரைப் பார்த்தார்கள்.

அங்கிருந்து ஏரி தெரிந்தது. தண்ணீர் பெருமளவு இறங்கியிருந்தது. தூரத்தில் எல்லம்மா இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய ஒரு பிளாஸ்டிக் குடம் அவருக்குப் பின்னால் மிதந்து போனது.

சம்பந்தம் சாவியைப் பார்த்தார். மகளின் கல்லூரியை நினைத்தார். மறுபடி ஏரியைப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து பந்தலில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். வேலை போகும் என்று தெரிந்தே உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் இருந்த சந்தேகம் அங்கே தீர்ந்தது. நான் கலந்த விகிதத்தில் இது வந்திருக்காது. அவராகச் செய்தது.

அப்போது ஜெரோம் எழுந்து வந்தான். "இன்னாண்ணா, காத்தே வரல" என்றான். சம்பந்தத்தின் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தான். பூட்டைத் திறந்து ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினான். அது சத்தமே இல்லாமல் ஏறியது. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"காத்துக்கு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வரட்டும், வரட்டும்" என்றார் காசியம்மாள். "உள்ள பாட்டிலுங்க பாவம், நாலு நாளா மூச்சு வுடல."

ஜெரோம் சாலையின் நடுவே போய்க் குப்புறப் படுத்தான். முகவாய் தார்மேல் படும்படி படுத்து, கைப்பேசியைத் தரையோடு வைத்துப் படம் எடுத்தான். அங்கிருந்து பார்த்தால் பாதி ஷட்டர் முழு ஷட்டராகத் தெரியும். ஒரு ஷேர் ஆட்டோ அவனைச் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டுநர் ஹாரன்கூட அடிக்கவில்லை. ஆண்களில் இரண்டு பேர் ஷட்டரை நோக்கி நகர்ந்தார்கள். சுப்பராயலு அவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடா? அது காத்துக்குனு சொன்னான்ல? நெழல்ல ஒக்காரு."

சம்பந்தத்தின் கைப்பேசி அதிர்ந்தது. குழுவில் ஜெரோமின் படம். கீழே கேசவன் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

போட்டோ வேண்டும் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று சம்பந்தம் ஜெரோமிடம் கேட்டிருக்கலாம். அவருக்குக் கேட்க வரவில்லை.

* பிழை மூன்று: பட்டப்பகலில் ஒருவன் நடுச்சாலையில் குப்புறப் படுத்துப் படம் எடுக்கிறான். அத்தனை பேர் பார்க்கிறார்கள். ஏன் ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை? ஒரு ஆளையாவது கேட்க வைக்க வேண்டும். அடுத்த வரைவில்...

9

இதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை. அந்தக் கட்டைவிரல் எத்தனை நாள் தாங்கும், கடை அரசிடம் இருக்குமா, கண்ணாடிக் கதவு வருமா, சம்பந்தம் நிரந்தரம் ஆவாரா? பரிசீலிக்கப்படும். நீங்களே பரிசீலியுங்கள். தெருத் தெருவாகப் பாடு போட்டுப் பார்த்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. உங்கள் பாடு வரும்போது ஷட்டரைத் தூக்குவதும் தூக்காததும் உங்கள் இஷ்டம்.

எல்லம்மாவின் சோற்றை மட்டும் நான் பரிமாறிவிடுகிறேன்.

ஒன்றரைக்கு வந்தார். சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது. சட்டியை இறக்கி இலை போட்டார். சோறு வைத்து, இறாலைக் கரண்டியால் எடுக்காமல் கையால் எடுத்து வைத்தார். சேற்றில் தடவித் தடவி விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. இருபது வருடத்தில் கம்பி ஓட்டை வழியாக வராத கை அது. சம்பந்தம் இலையைத் தொடாமல் நிமிர்ந்தார்.

"எல்லம்மா. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல துன்னுங்க."

"இல்லம்மா. சொல்லிட்டுதான் கைய வெப்பேன்."

ஜெரோம் காலி பாட்டிலில் எதையோ படித்தான். சுப்பராயலு வேப்பமரத்தை முதல்முறை பார்ப்பதுபோல அண்ணாந்து பார்த்தார். காசியம்மாள் தலையைக் குனிந்து சட்டியின் அடியைத் தேவையில்லாமல் துடைத்தார்.

"அது... இந்த ஸ்டிரைக்கு..." என்றார் சம்பந்தம். "அதாவது, நாங்க..."

மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றையும் பாதியிலேயே விழுங்கிவிட்டார். நான் பந்தலைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்த அந்த முகங்களைப் பார்த்தேன். கைப்பேசி. தள்ளாட்டம். நடுச்சாலை. மூன்று பிழைகளையும் அடுத்த வரைவில் திருத்துவதாக இருந்தேன். இனி திருத்தப்போவதில்லை. அவை பிழைகளே இல்லை. எழுதுகிற எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது.

எல்லம்மா இன்னொரு கை இறாலை அள்ளி இலையில் வைத்தார்.

"துன்னு ண்ணா, ஆறுது. ஸ்டிரைக்கு வியாழக்கெழம ராத்திரியே முடிஞ்சிபோச்சினு ஊருக்கே தெரியும்."